பாலத்தில் படுத்திருப்பவன் யார்?

"கூட்டத்துக்குக் கூப்பிட்டா வர மாட்டானுங்க, கேம்னா ராத்திரி பூரா முழிச்சிட்டிருப்பானுங்க." நம் தோழர்கள் பலர் இப்படிச் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சலிப்பில் உடன்பாடில்லை. இடத்தை யார் பிடிப்பது, வழியை யார் மறிப்பது, எந்தப் பக்கம் சேர்வது என்பதைத் தினமும் நான்கு மணி நேரம் விரல் நுனியில் பயிலும் ஒரு தலைமுறை நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அரசியல் பேசத் தெரியாதவர்கள் என்று அவர்களை ஒதுக்குவதைவிட, அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவது நல்லது.

பப்ஜி மொபைலை ஒன்றிய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தது. பெயர் மாறியது, எராங்கல் வரைபடம் மாறவில்லை. அதன் தெற்கே ராணுவத் தளம் உள்ள ஒரு தீவு. தீவையும் பெருநிலத்தையும் இணைப்பவை இரண்டு பாலங்கள். தீவில் நல்ல துப்பாக்கிகள் கிடைக்கும் என்று பலர் அங்கேதான் குதிப்பார்கள். ஆட்டம் போகப்போக ஜோன் சுருங்கும். வட்டம் பெருநிலத்தில் விழுந்தால் தீவில் இருப்பவர்கள் எல்லாரும் வெளியேறியாக வேண்டும். அப்போது பாலத்தின் மறுமுனையில் ஒரு குழு வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, அதன் பின்னால் படுத்துக் காத்திருக்கும். ஓடி வருகிறவர்களை ஒவ்வொருவராகச் சுட்டு, பையிலிருப்பதை எடுத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் பிரிட்ஜ் கேம்பிங். விளையாடிய எல்லாரும் ஒருமுறையாவது அப்படிச் செத்திருப்பார்கள்.

விளையாட்டை வடிவமைப்பவர்கள் இந்தக் குறுகலான இடங்களைத் தெரிந்தேதான் வைக்கிறார்கள். வரைபடம் முழுக்கத் திறந்தவெளியாக இருந்தால் எதிரிகள் ஒருவரையொருவர் சந்திக்கவே மாட்டார்கள். சண்டை எங்கே நடக்கும் என்று ஆட்டக்காரர் ஊகிக்க வேண்டும், அதற்குத் தயாராக வேண்டும். அதற்கு ஒரு கதவு, ஒரு கணவாய், ஒரு பாலம் தேவை. ஆனால் அவர்கள் இன்னொரு விதியையும் மறப்பதில்லை: குறுகலான இடம் ஒன்றே வழியாக இருக்கக் கூடாது. 2001-இல் வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் 'டஸ்ட் 2' வரைபடம் இன்றும் உலகம் முழுக்க ஆடப்படுவதற்கு ஒரு காரணம், அதில் குண்டு வைக்கும் இடத்துக்குப் போக ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருப்பதுதான். ஒரு வழியை அடைத்தால் இன்னொன்றில் சுற்றிப் போகலாம். எதிரி பிறக்கும் இடத்திலேயே போய் நின்று, எழுந்திருக்கும் முன்பே அவனைச் சுடுவதை ஸ்பான் கேம்பிங் என்பார்கள். நல்ல வடிவமைப்பாளர் அதைத் தடுக்க ஏதாவது செய்வார். பிறந்த இடத்திலேயே தோற்கடிக்கப்படுகிறவன் ஆட்டத்தை விட்டே போய்விடுவான் என்பது அவருக்குத் தெரியும்.

பிறந்த இடத்திலேயே தோற்கடிப்பது. இந்தச் சொற்களைப் படித்ததும் உங்களில் பலருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் தோன்றியது.

நான் வளர்ந்த சேரியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போக ஒரே தார்ச்சாலை. அது ஊர்த்தெருவின் நடுவே போகும். தெரு தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை, கடையின் முன்னால் ஒரு பெஞ்சு. பெஞ்சில் எப்போதும் நாலு பேர். அவர்கள் கையில் ஆயுதம் எதுவும் இருந்ததில்லை. பெஞ்சு வந்ததும் எங்கள் ஆட்கள் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள், தெரு முடிந்ததும் ஏறிக்கொள்வார்கள். என் ஆயா அந்தத் தெருவில் போகவே மாட்டார். வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு, முள்ளையும் சேற்றையும் மிதித்து, கூடுதலாக முக்கால் மணி நேரம் நடந்து போவார். "எதுக்கு ஆயா சுத்திட்டுப் போற?" என்றால், "காலு வலிச்சாத் தேச்சி உட்டா போயிடும். மனசு வலிச்சா என்னாத்தத் தேக்கறது?" என்பார்.

நாலு பேரும் ஒரு பெஞ்சும் ஒரு சேரியையே கட்டுப்படுத்த முடிந்ததற்குக் காரணம் அவர்களுடைய வீரமல்ல. வழி ஒன்றுதான் இருந்தது. அந்த வழியின் வாயில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பெஞ்சின் அதிகாரம் குறைந்த கதையும் சொல்லத் தக்கது. ஒரு நாள் மினி பஸ் வந்தது. அது ஊர்த்தெருவைத் தாண்டி எங்கள் சேரி வரை வந்து, மாரியம்மன் கோயில் திடலில் திரும்பியது. ஓடும் வண்டியிலிருந்து யாரையும் இறங்கச் சொல்ல முடியாது. பெஞ்சு அங்கேயேதான் இருந்தது, நாலு பேரும் இருந்தார்கள். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சன்னலோரம் உட்கார்ந்து அவர்களைக் கடந்து போனார்கள். சாதி ஒழிந்துவிடவில்லை. வழிமறிப்பின் விலை மட்டும் ஏறிவிட்டது.

இதையெல்லாம் எனக்குக் கோவையாக யோசிக்க வைத்தது நொச்சிக்குப்பம். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, சாந்தோமுக்குப் பின்புறம், கடலைப் பார்த்தபடி இருக்கும் மீனவக் குப்பம். குடியிருப்பு மேற்கே, படகும் வலையும் கிழக்கே. இரண்டுக்கும் நடுவே பட்டினப்பாக்கம் வரை போகிறது மெரினா லூப் சாலை. ஒரு பிரசுரம் கொடுக்கப் போன மாலையில், குடியிருப்பின் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு படியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவன் தீவில் மாட்டிக்கொண்டான், ஜோன் நெருங்கிவிட்டது. "பாலத்துல ஆள் இருப்பானே, எப்படிப் போவ தம்பி?" என்று கேட்டேன்.

"பாலத்துல எவன்ணா போவான்? போட்டு எடுத்துனு போயினே இருப்பேன்" என்றான். சொன்னபடியே கரையில் கிடந்த படகை எடுத்துக்கொண்டு கடல் வழியாகப் போய்விட்டான்.

பக்கத்திலிருந்த இன்னொருவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "நம்மளத்தான்ணா கேம்பருங்கறானுங்க. ரோட்ட அடச்சினு குந்தியிருக்கோமாம்."

அவன் சொன்னது 2023 ஏப்ரலைப் பற்றி. லூப் சாலையோரத்து மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னது. மாநகராட்சி பொக்லைன் இயந்திரங்களோடு வந்து கடைகளை அகற்றத் தொடங்கியது. மக்கள் படகுகளையும் வலைகளையும் சாலையின் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஏற்கெனவே லூப் சாலையிலேயே ஒரு நவீன மீன் அங்காடி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடியும் வரை இடைக்கால ஏற்பாடு என்ற இடத்தில் அன்றைய மோதல் தணிந்தது. 366 கடைகள் கொண்ட அந்த அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

இந்தச் செய்தியைக் காரில் உட்கார்ந்து படித்தால் கதை சுலபம். சாலை பொதுவழி, மீன் விற்கிறவர்கள் அதை மறிக்கிறார்கள், எனவே பாலத்தில் படுத்திருக்கும் குழு அவர்கள்தான். குப்பத்திலிருந்து பார்த்தால் வரைபடமே வேறு. படகு கரையேறும் இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள மணல்தான் அவர்களுடைய பணியிடம். வலை காய்வது அங்கே, வலை பின்னுவது அங்கே, ஏலம் நடப்பது அங்கே. மீனுக்கு விலை என்பது நேரக் கணக்கு. காலையில் துடித்த சங்கராவுக்கு உள்ள விலை உச்சிவெயிலில் கிடையாது. அதனால்தான் பெண்கள் படகு வரும் இடத்துக்கு அருகிலேயே கூடை விரிக்கிறார்கள். அந்த மணலின் மேல்தான் சாலை வந்தது. சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைக்க ஒரு சுற்றுவழி தேவைப்பட்டது. நகரத்துக்குச் சுற்றுவழியாக வந்த அதே சாலை குப்பத்துக்கு வழிமறிப்பாக ஆனது. இன்று குப்பத்துப் பிள்ளை கடலுக்குப் போக வேண்டுமென்றால் வண்டிகள் நிற்கட்டும் என்று காத்திருக்க வேண்டும்.

விளையாட்டில் முதலில் வரைபடம் வரும், பிறகுதான் ஆட்கள் வருவார்கள். பாலம் முதலில், படுத்திருப்பவன் பிறகு. நொச்சிக்குப்பத்தில் ஆட்கள் முதலில், பாலம் பிறகு. ஒரு இடத்தில் யார் 'ஆக்கிரமிப்பாளர்' என்று கேட்கும்போது வரிசையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எது முன்னால் வந்தது? அதை வரைந்தவர் யார்?

இது அந்தக் கடற்கரைக்குப் புதிதுமல்ல. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களை அகற்ற அரசு முனைந்தபோது எதிர்த்த மீனவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. பின்னாளில் கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடற்கரையோர மேம்பாலச் சாலைத் திட்டம் வந்தது. குப்பங்கள் எதிர்த்தன. திட்டம் நடக்கவில்லை. நாற்பது வருடமாக ஒரே துண்டு நிலத்துக்கு ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் குப்பத்தின் வட்டம்தான் கொஞ்சம் சுருங்குகிறது.

நிலத்தை யார் வைத்திருக்கிறார் என்பதைக் காகிதம் தீர்மானிக்கும் விபரீதத்துக்கும் விளையாட்டில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டம் 2003-இல் வந்தது. அதில் ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள் கூட்டணி அமைத்து நட்சத்திர மண்டலங்களை ஆளலாம். ஒவ்வொரு மண்டலத்துக்கும் உரிமைக் கட்டணம் கட்ட வேண்டும். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்துக்கு ஒரு கூட்டணியின் கட்டணம் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான், உரிமை விட்டுப்போனது. எதிரிகள் உள்ளே புகுந்தார்கள். ஏறத்தாழ 21 மணி நேரம் சண்டை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள், அழிந்தவற்றில் ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பல்கள் மட்டும் 75. நிஜப் பண மதிப்பில் 3 லட்சம் டாலருக்கு மேல் இழப்பு என்று கணக்கிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் ஆண்ட இடம் ஒரு பதிவேட்டு வரியில் கைமாறியது.

நமக்கு இது வேடிக்கைக் கதையாக இருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய மணலுக்குக் குப்பத்திடம் பட்டா இல்லை. பாட்டன் உழுத நிலத்துக்குச் சேரியிடம் பத்திரம் இல்லை. பஞ்சமி நிலம் காகிதத்தில் நம்முடையது, களத்தில் வேறொருவருடையது. காகிதம் இருக்கும் இடத்தில் நிலம் இல்லை, நிலம் இருக்கும் இடத்தில் காகிதம் இல்லை. 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை மீனவ மக்களின் குடியிருப்புகளையும் அவர்கள் பொதுவில் புழங்கும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்கச் சொன்னது. அப்படிக் குறிக்கப்படாத இடம் அதிகாரியின் மேசையில் வெற்றிடம்தான். எனவே வரைபடம் வரைவதும் ஒரு போராட்டம். அதை மற்றவர்களிடம் விட்டுவிட முடியாது.

இனி அணி சேர்வது பற்றி. இரண்டே அணிகள் உள்ள ஆட்டத்தில் ஒன்று பெருத்துவிட்டால் மற்றது எழவே முடியாது. ஆகவே 2001-இல் வந்த 'டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட்', 2012-இல் வந்த 'பிளானட்சைட் 2' போன்ற ஆட்டங்களில் மூன்று அணிகளை வைத்தார்கள். ஒன்று மிகவும் பலமடைந்தால் மற்ற இரண்டும் சேர்ந்து அதை இழுத்துப் பிடிக்கும் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் நாட்டில் அணிகள் மூன்றல்ல, மூவாயிரம் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கணக்கு ஏன் இங்கே வேலை செய்யவில்லை? பாபாசாகேப் அம்பேத்கர் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். சாதி வெறும் சமத்துவமின்மை அல்ல, படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை. நடுவில் இருப்பவனுக்கு மேலே உதைக்கிறவன் உண்டு, கீழே உதைபடுகிறவனும் உண்டு. மேலே இருப்பவனை எதிர்க்கக் கீழே இருப்பவனோடு கைகோத்தால், தன் காலடியில் உள்ள படியை அவன் விட வேண்டியிருக்கும். அதனால் இரண்டாவது அணி மூன்றாவதோடு சேர்வதில்லை. முதலாவது நிம்மதியாகத் தூங்குகிறது.

இதைக் குப்பத்தைப் பற்றிய கட்டுரையில் மறைத்துவிட்டு எழுத முடியாது. இந்தக் கடற்கரையின் மீனவர்களில் பெரும்பாலோர் பட்டினவர், அரசின் கணக்கில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்ட நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதும், தண்ணீரிலும் உணவிலும் தீண்டாமை காட்டப்பட்டதும் அப்போதே பதிவாகியுள்ளன. எல்லாரையும் ஒரே அலை அடித்தது, கரையேறியதும் படிகள் திரும்ப வந்துவிட்டன. இன்னொரு காட்சியும் இருக்கிறது. 2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் மாணவர்களைக் காவல் துறை விரட்டியபோது கடற்கரைக் குப்பத்து மக்கள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், அடைக்கலம் கொடுத்தார்கள். அதற்கான விலையையும் கொடுத்தார்கள். நடுக்குப்பத்து மீன் சந்தை எரிந்தது. அதே நாளில் தலித் மக்கள் வாழும் ரூதர்புரத்திலும் காவலர்கள் வீடு புகுந்து அடித்தார்கள். அன்று லத்திக்குக் குப்பம், சேரி என்ற வேறுபாடு தெரியவில்லை. அடிக்கிறவனுக்கு நாம் ஒரே அணியாகத் தெரிகிறோம். நமக்குத்தான் தெரிவதில்லை.

நான் நொச்சிக்குப்பத்துக்குப் பிரசுரம் எடுத்துக்கொண்டு போவது இதனால்தான். நன்றிக்கடனுக்காகவும் அல்ல, நாகையை மறந்துவிட்டும் அல்ல. நாகையை அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பேசியும் இருக்கிறேன். சில பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். சிலர் உட்கார்ந்து கேட்டார்கள்.

மாணவத் தோழர்களுக்கு அணி நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. விளையாட்டில் அணியை ஒரு பொத்தானில் தேர்ந்தெடுக்கிறோம், சலித்தால் மாற்றிக்கொள்கிறோம். தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறமே அணி. அதைப் பையன் தேர்ந்தெடுக்கவில்லை, தொட்டிலிலேயே கட்டிவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும் அது பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்ப்பது அவசியம். ஆனால் பிஜிஎம்ஐ-யில் பெயருக்கு முன்னால் சாதியைப் போட்டுக்கொண்டு வருகிறவனையும், மைக்கில் சாதிப் பெயரை வசவாகச் சொல்கிறவனையும் நீங்கள் தினமும் சந்திக்கிறீர்கள். கயிறு மணிக்கட்டிலிருந்து திரைக்கு ஏறிவிட்டது. உங்கள் குழுவில் அப்படி ஒருவன் இருந்தால் 'கேம்தானே' என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, வழிமறிப்பை என்ன செய்வது? என் ஆயா சுற்றிப் போனார். நொச்சிக்குப்பத்துத் தம்பி படகை எடுத்தான். இரண்டும் பிழைப்பதற்கான வழிகள், அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் சில இடங்களில் சுற்றிப் போகக் கூடாது. மகாடில் தண்ணீர் வேறெங்கும் இல்லாமலா அம்பேத்கர் சவுதார் குளத்துக்குப் போனார்? பொது நீர்நிலைகள் எல்லாருக்கும் உண்டு என்று பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளக்கரையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். 1927 மார்ச் 20 அன்று அவர் மக்களைத் திரட்டிக்கொண்டு நேராக அந்தக் கரைக்கே நடந்தார். அடி விழுந்தது, வழக்கு வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு சாதகமாக வர 1937 ஆனது. பத்து வருடம். தாகத்துக்கு வேறு குளம் போதும். உரிமைக்கு அந்தக் குளம்தான் வேண்டும்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே போக விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அதுவும் ஒரு சுற்றுவழிதான். அந்தக் காணொளியைப் பார்த்த யாரும் "எப்படியோ வழி கிடைத்ததே" என்று சொல்ல மாட்டார்கள். அங்கே பாலத்தின் மேல் யாரும் படுத்திருக்கவில்லை. சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் வேலி மட்டும் இருந்தது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்று ஆட்டத்தை முடித்ததும் ஒரு தாளை எடுத்து உங்கள் ஊரின் வரைபடத்தை வரையுங்கள். தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், சுடுகாடு ஆகியவற்றைக் குறியுங்கள். அங்கே போகும் வழிகளைப் போடுங்கள். எங்கே வழி ஒன்றே ஒன்றாகக் குறுகுகிறதோ அங்கே வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: இங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்? எப்போதிலிருந்து? இந்த வழியை வரைந்தவர் யார்? இன்னொரு வழி போட முடியுமா, அல்லது இதே வழியில்தான் நடந்தாக வேண்டுமா? தனியாக வரையாதீர்கள். ஆயாவையும் மீன் விற்கும் அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காகிதத்திலும் இல்லாத வழிகள் அவர்களுக்குத் தெரியும்.

வரைந்ததை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். எந்த வட்டத்தில் தொடங்குவது என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

ஜெய்பீம்.